காரைக்கால் எலிக்கு எந்த மாநிலம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

மேப்பைத் திறந்து காரைக்காலைத் தேடிப் பாருங்க. கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு: மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள். நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் மட்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனால் புதுச்சேரி நகரமோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் என்பதால் வந்த வினோதம் இது. பெட்ரோல் விலை, சரக்கு விலை என்று இந்த எல்லையைப் பற்றி ஜோக் நிறைய உண்டு. இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த எல்லையைக் கொஞ்சமும் மதிக்காத ஒரு ஆள். வயல் எலி.

எல்லையோரத்தில் ஒரு வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்க. இந்தப் பக்கம் வயலுக்கு ஒரு வேளாண் துறை, அந்தப் பக்கம் வயலுக்கு வேறொரு வேளாண் துறை. மானியம் வேறு, அரசாணை வேறு, காய்ச்சல் வந்தால் கணக்கெடுக்கும் சுகாதாரத் துறையும் வேறு. வரப்புக்குள்ளே வளை தோண்டியிருக்கும் எலிக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது.

"எலிதானே, மருந்து வச்சா போச்சு" என்று நினைப்பீங்க. மருந்து பல வருஷமாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எலி போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்த எபிசோட். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு காய்ச்சல் கதையும் வரும், அது சென்னையில் இருக்கிற நமக்கும் தேவைப்படுகிற கதை.

முதலில், எந்த எலி?

நாம் எல்லாவற்றையும் "எலி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். டெல்டா விவசாயி அப்படிச் சொல்வதில்லை. நெல் வயலுக்குப் பெரிய எதிரி கரம்பை எலி. விஞ்ஞானப் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். முரட்டு முடி, குட்டையான முகம், பிடித்தால் உறுமும். அதற்கு அடுத்து புல் எலி, சாதுவானது, மண் வெடிப்புகளில் தங்கும். உள்ளங்கையில் அடங்குகிற வயல் சுண்டெலி ஒன்று. மேட்டு நிலமாக இருந்தால் வெள்ளெலி. ஊருக்குள் சாக்கடையிலும் தொழுவத்திலும் சுற்றுவது பெருச்சாளி, வீட்டு எலி. இது போக மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம் என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, அது எலி இனமே கிடையாது. பூச்சி தின்னும் வேறொரு இனம். இந்த மூஞ்சூறை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வருகிறது.

கரம்பை எலியின் வளையை அடையாளம் காண்பது சுலபம். வாசலில் புது மண் குவிந்திருக்கும், வாசலை உள்ளிருந்து மண்ணால் அடைத்திருக்கும். உள்ளே கிளை கிளையாகச் சுரங்கம். குட்டி போட ஒரு அறை, நெல் சேர்க்க சில அறைகள், ஆபத்து வந்தால் ஓட மெல்லிய மண் மூடியோடு ஒரு ரகசிய வழி. அந்தச் சேமிப்பு அறையில் ஒரு கிலோவுக்கு மேல் கதிர் கிடைப்பது அதிசயமில்லை. அறுவடை முடிந்த பிறகு நிலமில்லாத குடும்பங்கள் வளை வெட்டி அந்த நெல்லை எடுத்துச் சமைத்த காலம் டெல்டாவில் உண்டு. நெல் விளைகிற பூமியிலேயே எலி சேர்த்த நெல்லில்தான் சிலருக்குச் சோறு என்பதை ரொமான்டிக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை, அதனால் தாண்டிப் போகிறேன்.

வளைக்குள் போகும் நெல்லைவிடப் பெரிய நஷ்டம் வெளியே நடக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அது எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். பயிர் தொண்டைக்கதிராக இருக்கும் நேரத்தில், அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கும்போது, அடியில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டும். பத்து தூரை வெட்டி ஒன்றைத் தின்னும். அந்த வயசில் வெட்டுப்பட்ட பயிர் மறுபடி தூர் கட்டிக் கதிர் விட நேரம் கிடையாது. காலையில் வயலுக்குப் போனால் நடுவில் வட்டமாகப் பயிர் சாய்ந்து கிடக்கும். ஓரத்தில் பெரும்பாலும் வெட்டாது, கரையில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

நெல் வயல் எலிகளை ஆராய்ந்த கிராண்ட் சிங்கிள்டன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஒரு கணக்கு சொன்னார்: ஆசியாவின் நெல்லில் 6 சதவீதம் எலிக்குப் போனால், அது இந்தோனேசியா நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஒரு வருஷம் சோறு போடுகிற அளவு.

மருந்து ஏன் தோற்கிறது

எலி புத்திசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான வார்த்தை, எலி சந்தேகப் பிராணி. புதுசாக ஒரு தீனி கிடைத்தால் கொஞ்சம்தான் ருசி பார்க்கும். அது வயிற்றைப் புரட்டினால் அதே வாசனையை மறுபடி தொடாது. துத்தநாக பாஸ்பைடு, அதாவது கருப்புப் பொடியாக வரும் பழைய எலி மருந்து, இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், வேகமாக வேலை செய்யும். அந்த வேகம்தான் அதன் பலவீனமும். கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி பாடம் கற்றுக்கொண்டுவிடும். அதனால்தான் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியை வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் மருந்து கலந்ததை வைக்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டு நாள் பொறுமை பல பேருக்கு இல்லை.

இன்னொரு வகை, ப்ரோமடையலோன். நீல நிற, பச்சை நிற கேக்காகக் கடையில் பார்த்திருப்பீங்க. இதன் பாட்டன் வார்ஃபரின். அதன் கதை சுவாரசியமானது. 1930-களில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம், கெட்டுப்போன ஒரு தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தானது, பிறகு மனிதர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும் ஆனது. உங்கள் தாத்தா இதய வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் அதைத்தான் சாப்பிட்டிருக்கலாம். ப்ரோமடையலோன் அதைவிடப் பல மடங்கு வீரியம். தின்ற எலி சாகச் சில நாள் ஆகும், அதனால் தீனிக்கும் சாவுக்கும் முடிச்சுப்போட எலியால் முடியாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சில நாளும் உடம்பில் விஷத்தோடு எலி தள்ளாடிக்கொண்டு திரியும். அதை யார் பிடித்துத் தின்பது? அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

எந்த மருந்தானாலும் விவசாயி செய்யும் நேரம்தான் பெரும்பாலும் தப்பிப்போகிறது. வெட்டுப்பட்ட பயிரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மருந்து வாங்க ஓடுகிறார்கள். அப்போது வயல் முழுக்கப் பால் பிடித்த கதிர். அந்த விருந்தை விட்டுவிட்டு எந்த எலி உங்கள் பொரியைத் தேடி வரும்? நட்ட முதல் முப்பது, நாற்பது நாளில் வைத்திருந்தால் கதை வேறு. அப்போது எலி எண்ணிக்கை குறைவு, தீனியும் குறைவு, பசியில் வரும். வயல் பச்சைப் பசேலென்று இருக்கும் அந்த நேரத்தில் எலிக்காகக் காசு செலவழிக்க யாருக்குத்தான் மனசு வரும்? புரிந்துகொள்ள முடிகிற தயக்கம்தான்.

அப்புறம் பக்கத்து வயல். உங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அதில் ஒரு எலி விடாமல் பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வளைகள் காலி, வீடு வாடகைக்கு என்று போர்டு மாட்டிய மாதிரி. சில வாரத்தில் பக்கத்து வயல் எலிகள் குடிவந்துவிடும். தனி ஆளாக எலியை ஒழிக்கவே முடியாது என்பதை நாற்பது வருஷ ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொல்கிறது.

காவிரித் தண்ணீரும் எலிக் குட்டியும்

இந்த எபிசோடுக்காகப் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

நெல் வயல் எலி வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் குட்டி போடுவதில்லை. பயிர் கதிர் கட்டும் பருவத்தில்தான் இனப்பெருக்கம் சூடு பிடிக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் சத்தான தீனி. கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு, சில சமயம் அதற்கும் மேல். ஒரு வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் அறுத்தால், இந்த விருந்துக் காலம் சில வாரம்தான். ஒன்றிரண்டு ஈற்றோடு முடிந்துவிடும். அறுவடை ஆனதும் பஞ்சம், பெரும்பாலானவை சாகும். ஆனால் ஒரு வயலில் கதிர், அடுத்ததில் நாற்று, அதற்கடுத்ததில் அறுவடை என்று தள்ளித் தள்ளி நடந்தால், எலி வயல் மாறி வயல் போய்ச் சாப்பிடும். விருந்து மாதக்கணக்கில் நீளும். அந்த வருஷம் பிறந்த குட்டிகளே தாயாகிவிடும். பெருக்கம் வெடிப்பது அங்கேதான். அதனால் வியட்நாம், இந்தோனேசியாவில் வேலை செய்த ஆராய்ச்சியாளர்கள் சொன்ன முதல் யோசனையில் மருந்தே இல்லை: பக்கத்துப் பக்கத்து வயல்கள் இரண்டு வாரத்துக்குள் நட்டு முடியுங்கள்.

சரி, காரைக்காலில் அது முடியுமா? இது கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, எல்லோர் வயலுக்கும் பாய்ந்த பிறகு அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு வழியாக இங்கே வந்து சேர வேண்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள். 2023-ல் சொன்ன தேதிக்குத் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. மூன்று வருஷத்தில் இரண்டு மாத வித்தியாசம்! போர்வெல் இருக்கிறவர் தண்ணீருக்குக் காத்திருக்காமல் குறுவை நட்டுவிடுகிறார். இல்லாதவர் ஆற்றுத் தண்ணீர் வந்து சம்பா போடுகிறார். குறுவை அறுத்தவர் அதே நிலத்தில் தாளடி போடுகிறார். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் விதைக்கிறார்கள். மனிதருக்கு இது பிழைக்கிற வழி. எலிக்கு இது ஒன்பது மாத பஃபே.

காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி ஒதுக்கியது. அந்தத் தண்ணீர் முழுக்க காரைக்காலுக்குத்தான். அதற்காக நடந்த வழக்கும் கூட்டமும் எத்தனையோ. அந்தக் கூட்டங்களில் டிஎம்சி பற்றிப் பேசுவார்கள், தேதி பற்றிப் பேசுவார்கள். தண்ணீர் வரும் தேதி சிதறினால் நடவு சிதறும், நடவு சிதறினால் எலி பெருகும் என்று யாராவது பேசியிருந்தால் சந்தோஷப்படுவேன்.

நடவு சேர்ந்து நடக்காத இடத்துக்கும் ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். பத்து, பதினைந்து ஹெக்டேருக்கு நடுவில் சின்னதாக ஒரு பாத்தியில் மட்டும் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நட்டுவிட வேண்டும். சுற்றிலும் பிளாஸ்டிக் தட்டி. தட்டியில் அங்கங்கே ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும் உள்ளே போனால் வெளியே வர முடியாத கூண்டு. முதலில் விளைகிற அந்தப் பாத்தியின் வாசனைக்கு சுற்று வட்டார எலி எல்லாம் வந்து தினமும் கூண்டில் விழும். மேகாங் டெல்டாவில் இது வேலை செய்தது. ஒரு சிக்கல், அந்தப் பாத்தி யாருடைய நிலம், கூண்டை தினமும் யார் பார்ப்பது, செலவை யார் பகிர்வது என்பதில் ஊர் ஒத்துப்போக வேண்டும். எல்லை வரப்பு ஊர்களில் இரண்டு அரசாங்கமும் ஒத்துப்போக வேண்டும்.

எலிப் பணம் என்றதும் ஒரு கிளைக்கதை. காரைக்காலை ஆண்ட அதே பிரெஞ்சு அரசு, 1902-ல் ஹனோய் நகரத்தில், எலி வாலைக் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தது. வால்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அப்புறம் பார்த்தால் ஊரில் வாலில்லாத எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாலை மட்டும் வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே எலி வளர்த்தவர்களும் உண்டாம். திட்டத்தை ஊத்தி மூடினார்கள். பொருளாதார வகுப்பில் இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

காலில் சேற்றுப்புண், கண்ணில் சிவப்பு

இப்போது காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, சுருள் கம்பி மாதிரி இருக்கும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலிக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. சிறுநீரில் வெளியேறும். ஈரமான மண்ணிலும் தேங்கிய நல்ல தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாற்று நடுகிற பெண்ணின் காலை நினைத்துப் பாருங்க. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய தோல், விரலிடுக்கில் சேற்றுப்புண், வெடிப்பு. கதவு திறந்தே கிடக்கிறது. வெட்டுக் காயம், கண், வாய் வழியாகவும் போகும். நாமெல்லாம் எலிக் காய்ச்சல் என்கிறோம், சில நாடுகளில் இதற்கு நெல் வயல் காய்ச்சல் என்றே பெயர். எலி மட்டும் குற்றவாளி இல்லை, மாடு, நாய், பன்றியும் பரப்பும்.

உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு வருகிறது, கிட்டத்தட்ட 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-ல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. இலங்கையில் 2008-ல் மட்டும் 7,000 பேருக்கு மேல் சந்தேக நோயாளிகள், 200-க்கும் மேல் மரணம். பெரும்பாலும் வயல் சேறோடு சம்பந்தப்பட்டவர்கள். அதன் பிறகு அங்கே ஆபத்தான பகுதிகளில், வயல் வேலைக் காலத்தில், சுகாதாரப் பரிசோதகர் மூலம் விவசாயிகளுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கிற பழக்கத்தை வலுப்படுத்தினார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவும் மீட்புப் பணியில் இருந்தவர்களுக்கு அதையே கொடுத்தது.

பிரச்சினை என்னவென்றால் ஆரம்பத்தில் இது சாதாரணக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். தலைவலி, உடம்பு வலி. கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிப்பதும், பீளை இல்லாமல் கண் சிவப்பதும் துப்பு. இங்கே விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு, நுரையீரலில் ரத்தக் கசிவு வரை போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கே போதும். அந்த வித்தியாசம் சில நாள்தான்.

இரண்டாவது காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று சுகாதாரத் துறை அறிவிப்பில் பார்த்திருப்பீங்க. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் கூட எச்சரிக்கை விட்டார்கள். புதர், புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சைஸ் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. அந்தக் குஞ்சு வழக்கமாகச் சாப்பிடுவது எலி, மூஞ்சூறு உடம்பில். புதுச்சேரியில் 1975-லிருந்து இயங்கும் வி.சி.ஆர்.சி, கொசு ஆராய்ச்சிக்குப் பேர் போன ஐ.சி.எம்.ஆர் நிலையம், புதுச்சேரி கிராமங்களில் பொறி வைத்துப் பார்த்தபோது இந்தப் பூச்சியையும் கிருமியையும் வீட்டைச் சுற்றித் திரியும் சின்ன விலங்குகளில் கண்டது. அதில் முக்கியமான ஆள், நாம் மனதில் வைத்துக்கொண்ட மூஞ்சூறு. வயலில் கரம்பை எலியைக் கணக்கில் வைத்துப் போடும் தானிய மருந்தை, பூச்சி தின்னும் மூஞ்சூறு ஏன் சீந்தப் போகிறது? எந்த விலங்கு என்று தெரியாமல் மருந்து வைப்பது இருட்டில் கல் எறிவதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1898-ல் கராச்சியில், பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக் நோய் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகத் தாவுகிறது என்று காட்டினார். எலி செத்து உடம்பு குளிர்ந்தால் பூச்சி அடுத்த சூடான உடம்பைத் தேடும். வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டிச் சுத்தம் பண்ணாமல் எலியை மட்டும் கொன்று போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். செத்த எலியைக் கையால் தொடாமல் எடுத்துப் புதைக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஸ்க்ரப் டைபஸில் கடித்த இடம் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாக இருக்கும், வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு என்று மறைவான இடத்தில் இருப்பதால் நோயாளியே பார்த்திருக்க மாட்டார். டாக்டர் தேடினால்தான் தெரியும். வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்து இதற்கு வேலை செய்யாது, டாக்ஸிசைக்ளின் செய்யும். அதனால் டாக்டரிடம் "வயல்ல வேலை பாத்தேன்", "புதர் வெட்டினேன்", "மழைத் தண்ணியில நடந்தேன்" என்று சொல்வது ரொம்ப முக்கியம். நகரத்துக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் எலிக் காய்ச்சல் பரவியது. முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்த ஆட்கள்தான் எல்லோரும். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீங்க, போய்ச் சொல்லுங்க.

கூகையைக் கல்லால் அடிக்கும் ஊரில்

விட்ட கேள்விக்கு வருவோம். விஷத்தோடு தள்ளாடும் எலியைத் தின்பது யார்? கூகை. வெள்ளை முகம், இதய வடிவம், இரவில் கிறீச்சிடும். நகரத்தில் பார்ன் அவுல் என்பார்கள், நம் மொழியில் அதற்கென்றே தனிப் பெயர் பழங்காலத்திலிருந்து இருக்கிறது. ஒரு கூகைக்கு இரவுக்கு ஒன்றிரண்டு எலி. கூட்டில் குஞ்சு இருந்தால் தாயும் தகப்பனும் இரவெல்லாம் அலையும். முழுசாக விழுங்கிவிட்டு, முடியையும் எலும்பையும் உருண்டையாக வெளியே துப்பும். அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால், என்ன தின்றது என்று துல்லியமாகத் தெரியும். காரைக்காலுக்குப் பக்கத்திலேயே, மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியல் துறையினர் 1990-களில் இந்த உருண்டைகளைப் பிரித்துத்தான் டெல்டா கூகைகளின் உணவைப் பதிவு செய்தார்கள். வயல் எலிகள்தான் அதில் பெரும்பங்கு.

திருநள்ளாறு காரைக்கால் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே சனீஸ்வரனின் வாகனமான காக்கைக்கு எள்ளும் சோறும். அதே வட்டாரத்தில் கூகை கூரையில் உட்கார்ந்தால் சாவு விழும் என்று கல்லெறி. வயலுக்கு யார் உதவி என்று பார்த்தால் மரியாதை இடம் மாறிப் போயிருக்கிறது. இது நம் ஊரில் மட்டும் இல்லை. இஸ்ரேலில் 1980-களில் வயல்களில் கூகைக்குப் பெட்டி வைத்தார்கள், யோசி லெஷெம் என்ற பறவையியலாளர் அதைப் பெரிதாக்கினார். பக்கத்து ஜோர்டானிலும் கூகை அபசகுனம்தான். பறவைக்கு எல்லை தெரியாதே என்று பேசிப் பேசி அங்கேயும் பெட்டி வைக்க வைத்தார்கள். அவ்வளவு பகை இருக்கிற எல்லையில் அது முடிந்தது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் என்ன பகை, ஒரு கோப்புதானே?

கூகை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எலி பெருகும் வேகத்துக்குப் பறவை ஈடு கொடுக்காது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அதைக் குறைவாகவே வைத்திருக்க உதவும், அவ்வளவுதான். டெல்டாவில் தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அது இரவில் கூகை, ஆந்தை உட்காரத்தான். செலவே இல்லை. பக்கத்திலேயே ப்ரோமடையலோன் கேக்கும் வைத்தால், வேலைக்கு ஆள் கூப்பிட்டு அவர் சாப்பாட்டில் விஷம் வைத்த மாதிரி. விஷம் எலியின் ஈரலில் தங்கும், அங்கிருந்து பறவைக்குப் போகும்.

இரண்டுக்கும் நடுவில் மனிதக் கை இருக்கிறது. தஞ்சாவூர் கிட்டி, மூங்கிலை வில் மாதிரி வளைத்துச் செய்த பொறி. அந்தியில் வரிசையாக வைத்து, விடியலில் எடுப்பார்கள். எலி கணக்குக்குக் கூலி. எந்த வழியில் எலி நடக்கிறது என்று சேற்றில் தடம் பார்த்துச் சொல்லும் கண் வேண்டும். வடக்கே கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு பக்கம் இருளர்கள் வளை பார்த்தே உள்ளே எலியா பாம்பா என்று சொல்வார்கள். மண் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவது அவர்கள் முறை. கையும் உதடும் சுட்டு, நெஞ்சு முழுக்கப் புகை. கைப்பிடியைச் சுற்றினால் புகை தள்ளும் எஃகுக் கருவி ஒன்றுக்கு 2003-ல் உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது. விஷமே இல்லாத, கூகைக்கும் கெடுதல் இல்லாத, கிராமத்திலேயே கூலி தங்குகிற ஒரு வேலை. அந்த அறிவை நாம் "எலி பிடிக்கிறவங்க" என்று சாதி வசையாக மாற்றி வைத்திருக்கிறோம். அடுத்த தலைமுறை அதைக் கற்கவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்குள் ஒரு எச்சரிக்கை

2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில், வீட்டில் எலி மருந்து வைத்த பிறகு இரவு மூடிய அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். பாஸ்பைடு வகை மருந்துகள் ஈரம் பட்டால் விஷ வாயு விடும். ஆள் தூங்கும் அறையில் அதற்கு இடமே இல்லை. வீட்டுக்குள் ஒட்டை அடைப்பது, கூண்டு வைப்பது, இரவில் எச்சில் பாத்திரத்தையும் நாய்ச் சோற்றையும் மூடுவது, இவ்வளவுதான் முதல் வேலை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு நிரந்தரமாகத் தடை செய்தது, அது எடுத்த உயிர்கள் அவ்வளவு. ஆனால் தமிழ்நாட்டு அரசாணை காரைக்கால் எல்லையோடு நின்றுவிடும், புதுச்சேரி தனியாகப் போட வேண்டும். (மனசு தாங்காத நேரம் யாருக்காவது இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்க, இலவசம், தமிழில் பேசலாம்.)

காரைக்காலில் வேளாண் கல்லூரி 1987-லிருந்து இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஜிப்மரின் கிளை இருக்கிறது. வயலைப் பார்க்கிறவர்களும் காய்ச்சலைப் பார்க்கிறவர்களும் பைக்கில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார்கள். எந்த வட்டாரத்தில் வளை அதிகம் என்ற கணக்கும், எந்த வட்டாரத்தில் நடவு முடிந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் அதிகம் என்ற கணக்கும் ஒரே மேப்பில் வந்தால், மருந்தை எங்கே முதலில் கொடுப்பது என்று தெரிந்துவிடும்.

வளையை எண்ணச் சரியான மாதம் மே. உளுந்து எடுத்தாச்சு, வயல் வெடித்துக் கிடக்கிறது. பிழைத்த எலிகள் எல்லாம் வாய்க்கால் கரை, வைக்கோல் போர், கருவைப் புதர் என்று சில இடங்களில் ஒண்டியிருக்கும். தூர்வார பொக்லைன் வாய்க்காலுக்கு வருவதும் அதே மாதங்களில்தான். கரையில் வளை இருக்கிறதா என்று பார்த்து வெட்ட நாலு கிட்டிக்காரர்களை அந்த வண்டிக்குப் பின்னால் அனுப்பினால் போதும், வாய்க்காலின் இரண்டு கரையிலும்.